சூத்திரத்துக்குள் இருந்த வெல்டர்

அழுத்தக் கலனின் தகடு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று கணக்கிடும் சூத்திரம், மெக்கானிக்கல் படித்த எல்லாருக்கும் ஏதாவது ஒரு செமஸ்டரில் வந்து போயிருக்கும். உள்ளே உள்ள அழுத்தம், கலனின் ஆரம், உலோகம் தாங்கக்கூடிய தகைவு, இவற்றோடு ‘ஈ’ என்று ஓர் எழுத்து. மூட்டுத்திறன் என்பார்கள். இருபுறமும் வெல்டிங் செய்த மூட்டை முழுக்க எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தால் அதன் மதிப்பு 1. அங்கங்கே மட்டும் பார்த்திருந்தால் 0.85. பார்க்கவே இல்லையென்றால் 0.70. பரீட்சையில் அதைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுவார்கள். எடுத்துப் போட்டுப் பெருக்கிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். அந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்பதைப் படிப்பின் நடுவே வேலைக்குப் போன காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் படித்தது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தின் லாங்வியூ ஊரிலுள்ள லெட்டூர்னோ பல்கலைக்கழகத்தில். டல்லாஸுக்குக் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர். பைன் மரங்களும் எண்ணெய்க் கிணறுகளும் அடுத்தடுத்து நிற்கும் பூமி. 1930இல் கிழக்கு டெக்சஸ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியபோது, 24 அங்குல விட்டமுள்ள ‘பிக் இஞ்ச்’ குழாய்ப்பாதையை லாங்வியூவிலிருந்துதான் வடகிழக்கு நோக்கிப் போட்டார்கள். இரும்பையும் வெல்டிங்கையும் நம்பிப் பிழைத்த வட்டாரம் அது.

பல்கலைக்கழகத்தை நிறுவிய ஆர். ஜி. லெட்டூர்னோ 14 வயதில் பள்ளியை விட்டவர். ஆரெகன் மாநிலத்து போர்ட்லண்டில் ஒரு வார்ப்படச் சாலையில் எடுபிடியாகத் தொழில் கற்றார். பிற்காலத்தில் மண் அள்ளும் ராட்சத இயந்திரங்களைச் செய்து, ஏறத்தாழ 300 காப்புரிமைகள் பெற்றார். தகடுகளை ரிவெட் அடித்து இணைப்பதுதான் வழக்கம் என்றிருந்த 1920களிலேயே தன் இயந்திரங்களை வெல்டிங்கில் கட்டினார். தசமபாகம் என்றால் பத்தில் ஒன்று என்று ஞாயிறுபள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். இந்த மனிதர் பத்தில் ஒன்பதைக் கொடுத்துவிட்டு ஒன்றில் வாழ்ந்தார் என்று முதலில் கேட்டபோது எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

1946இல் அவரும் மனைவி ஈவ்லினும் லாங்வியூவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஹார்மன் ராணுவ மருத்துவமனையை அரசிடமிருந்து ஒரே ஒரு டாலருக்கு வாங்கினார்கள். போரிலிருந்து திரும்பிய வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக வேலையும் படிப்பும் தேடிக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் வகுப்பு, மறுநாள் அருகிலிருந்த லெட்டூர்னோ தொழிற்சாலையில் வேலை என்று மாற்றி மாற்றி ஓடியது அந்தப் பள்ளி. பாதிப் பேர் பெஞ்சில் இருக்கும்போது மீதிப் பேர் லேத்தில் நிற்பார்கள். 1961இல் அது நான்காண்டுப் பட்டக் கல்லூரியாயிற்று, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1989இல் பல்கலைக்கழகமாயிற்று. மருத்துவமனைக் காலத்துச் சிற்றாலயம் வளாகத்தில் இன்னும் நிற்கிறது.

எனக்கு இதெல்லாம் அந்நியமாகப் படவில்லை. என் ஊர் தமிழ்நாட்டிலுள்ள நாசரேத். எங்கள் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் 1878லேயே அங்கே தொழிற்பள்ளி தொடங்கிக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தார். வேதமும் உளியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கலாம் என்பது எங்கள் பக்கத்துப் பழைய ஏற்பாடு.

படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் முறையை அமெரிக்கப் பொறியியலில் முதலில் கொண்டுவந்தவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஷ்னைடர். 1906இல் 27 மாணவர்களோடு ஆரம்பித்தார். இருவர் ஜோடியாகச் சேர்ந்து, ஒரு வாரம் ஒருவர் வகுப்பில், மற்றவர் தொழிற்சாலையில். அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். இன்று ‘கோ-ஆப்’ என்றால் ஒரு செமஸ்டர் முழுவதும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது. பக்கத்துக் கோடை விடுமுறையையும் சேர்த்துக்கொள்வதுண்டு. எங்களைப்போல் வெளிநாட்டிலிருந்து போனவர்களுக்கு விசா விதிகள் வேறு. ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். முழுநேர வேலை 12 மாதத்தை எட்டிவிட்டால், பட்டத்துக்குப் பின் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி போய்விடும். காலண்டரை விரித்து வைத்து எண்ணித்தான் கையெழுத்துப் போட்டேன்.

போன இடம் எண்ணெய் வயலுக்குக் கலன்கள் செய்யும் நடுத்தரப் பட்டறை. டிராயிங் அறையில் உட்கார்த்துவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் என்னை எலெக்ட்ரோடு அறைக்கு அனுப்பினார். 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் ராடுகளைக் காக்கும் வேலை. அதன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் போகும். வெல்டிங் முடிந்து, மூட்டு ஆறி, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக்கூட விரிசல் விடும். ஆகவே டப்பாவைத் திறந்ததும் ராடுகள் 120 டிகிரிச் சூட்டில் ஓவனில் இருக்க வேண்டும். வெல்டர் கையில் வாங்கிப்போனால் நான்கு மணி நேரம் கெடு. எத்தனை கொடுத்தேன், எப்போது கொடுத்தேன், எத்தனை திரும்பி வந்தது என்று எழுதுவது என் வேலை.

அறுபதை நெருங்கிய வெல்டர் ஒருவர் இருந்தார். மூட்டின் அடியில் அவர் போடும் முதல் அடுக்கை, ரூட் பாஸை, பார்க்க மற்றவர்கள் வந்து நிற்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷிஃப்ட் முடியும் நேரம், கலனில் மிச்சமிருந்தது ஒரு சாண் மூட்டு. கெடு தாண்டிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கையில் இருந்த ராடுகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் புதிதாகக் கேட்டார். இன்னும் ஒரு சாண்தானே, எப்படியும் திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுக்கப்போகிறார்களே என்றேன். “எக்ஸ்ரேயில் இது விழாது தம்பி. விழாது என்பதால்தான் கேட்கிறேன்” என்கிற அர்த்தத்தில் அவருடைய ஆங்கிலத்தில் சொன்னார். காற்றுக் குமிழும் கசடும் ஃபிலிமில் கறுப்பாகத் தெரியும். மயிரிழை விரிசல், கதிர் போகும் திசைக்கு ஒத்து நிற்காவிட்டால், தெரியாமலே போகக்கூடும். அதுவும் எக்ஸ்ரே எடுத்தபின் உண்டாகும் விரிசல் என்றால் ஃபிலிம் என்ன செய்யும்?

புது ராடுகளால் முடித்துவிட்டு, மூட்டின் பக்கத்தில் தன் அடையாள எண்ணைச் சுத்தியலால் குத்தினார். விதிப்படி வெல்டர் தன் எண்ணை மூட்டை ஒட்டி மூன்றடிக்கு மிகாத இடைவெளியில் பதிக்க வேண்டும், அல்லது யார் எந்த மூட்டைப் போட்டார் என்று பதிவேடு இருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் இரண்டும் செய்தார்கள்.

அந்தக் கலனின் ஹைட்ரோ டெஸ்டையும் பார்த்தேன். காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் உச்ச அழுத்தத்தைப்போல் 1.3 மடங்குக்கு ஏற்றுவார்கள். தண்ணீர் ஏன் என்றால், அமுக்கிய காற்று தனக்குள் பெரும் சக்தியைச் சேமித்து வைக்கும். மூட்டு விட்டால் ஆளைக் கொன்றுவிடும். தண்ணீர் அப்படிச் சுருங்காது, கசிந்தவுடன் அழுத்தம் இறங்கிவிடும். உச்சத்தில் நிற்கும்போது யாரும் கிட்டப் போகக் கூடாது. அழுத்தத்தைக் குறைத்த பிறகே இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு மூட்டு மூட்டாகப் பார்த்து வந்தார். ஒரு சொட்டு இல்லை. டிராயிங்கில் ‘ஈ’ = 1 என்று போட்டிருந்தது. முழுக்க எக்ஸ்ரே எடுத்ததற்குச் சூத்திரம் தரும் மதிப்பு அது. எக்ஸ்ரேக்கு அகப்படாத பகுதியை அந்தப் பெரியவரின் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சூத்திரத்தில் இடமில்லை.

லெட்டூர்னோவில் பொறியியலோடு வேதாகமப் பாடங்களும் உண்டு, சாப்பல் உண்டு. என்ட்ரோபி நடத்துமுன் ஜெபிக்கும் பேராசிரியர்கள் உண்டு. வேலையும் ஆராதனையே என்ற கருத்தை முதலாண்டிலிருந்தே கேட்டிருந்தேன். யாத்திராகமத்தில் பெசலெயேலைப் பற்றிய செய்தியும் கேட்டதுதான். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதாகமம் பெயர் சொல்லி முதலில் குறிப்பிடும் மனிதன் தீர்க்கதரிசியோ ராஜாவோ இல்லை. பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞன். வேலைக்குப் போய்த் திரும்பிய செமஸ்டரில் அதே அதிகாரத்தை மறுபடி படித்தபோது, எனக்கு எதிரே வெல்டிங் முகமூடியை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பெரியவர் நின்றார். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்று பொறியியல் மாணவனுக்குத் தரவேண்டிய விசுவாசம் இதுதான் என்று நினைக்கிறேன். கையால் வேலை செய்கிறவரைத் தனக்குச் சமமாக, பல நேரங்களில் தனக்கு மேலாக, மதிக்க அவன் கற்றுக்கொள்ள வேண்டும். சாப்பல் அதற்கு மொழி கொடுத்தது. பட்டறை இல்லாமல் அந்த மொழி எனக்கு வெறும் பேச்சாகவே இருந்திருக்கும்.

வகுப்பும் மாறியது. மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஹைட்ரஜன் விரிசல் அரைப் பக்கம்தான். அந்த அரைப் பக்கத்தில் எனக்கு அடுக்கடுக்காகக் கேள்விகள் இருந்தன. உலோகத்தைச் சூடேற்றி வைத்தால் ஹைட்ரஜன் எவ்வளவு வேகமாக வெளியேறும்? தகடு கனமாக இருந்தால் ஏன் முன்சூடு கூடுகிறது? பேராசிரியர் திட்டமிட்ட பாடத்தை ஒதுக்கிவிட்டு அதையே நடத்தினார். பக்கத்து பெஞ்சுக்காரன் விமானப் பராமரிப்புக் கூடத்திலிருந்து வந்திருந்தான். அவன் களைப்பு முறிவைப் பற்றிக் கேட்டான். வேலைக்குப் போய் மறுபடி பெஞ்சுக்கு வந்தவனுக்குத்தான் இந்தக் கேள்விகள் எழும். பட்டம் வாங்கிய பிறகு வேலைக்குப் போகிறவனுக்கும் எழும். ஆனால் அப்போது கேட்க வகுப்பு இருக்காது.

இப்போது திருச்சி பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். பெல் ஆலையை ஒட்டி வளர்ந்த வெல்டிங் ஊர் இது. ‘இன்பிளான்ட் ட்ரெயினிங்’ என்று மாணவர்கள் வருகிறார்கள். சில நாள் சுற்றிப் பார்த்து, சான்றிதழ் வாங்கி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். வெல்டரோடு பேசியவர்கள் மிகக் குறைவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு நேரம் கொடுக்காதவர்கள் நாம்தான். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஐந்தாண்டு ‘சாண்ட்விச்’ படிப்பில் மாணவனை வளாகத்துத் தொழிற்கூடத்தில் நிறுத்திக் காட்டிய மாநிலம் இது. வழி தெரியாத இடம் அல்ல.

இந்த வருடம் ஒரு மாணவியை ஒரு செமஸ்டர் முழுக்க எங்களிடம் விட அவளுடைய கல்லூரி சம்மதித்திருக்கிறது. சம்பளம் உண்டு. மூன்றாமாண்டுப் பிள்ளை, முடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிப் போய் இன்னும் ஓராண்டு படிப்பாள். ஸ்கில்டு வெல்டர்கள் இருவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன், “சார், பிள்ளைக்கு முதலில் கையில் ஹோல்டரைக் கொடுப்போம்” என்றார்கள். டிசைன் மேஜைக்கு அவளைக் கடைசி மாதம்தான் அனுப்புவேன். முதல் மாதம் எலெக்ட்ரோடு அறையில் ரிஜிஸ்டரோடு உட்காருவாள்.