கிழித்த நோட்டு



நேற்று மணவூர் வீட்டுக்குப் பழைய மாணவன் ஒருவன் வந்தான். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பில் கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் வீடியோ கேம் கட்டங்களாக வரைந்து வைத்திருந்தவன். பிடுங்கிக் கிழித்தது நான்தான்.

இப்போது ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. மீதி நேரத்தில் கோடோ என்ற இலவச மென்பொருளில் சொந்தமாக ஒரு கேம் செய்கிறான். திருத்தணி மலையின் 365 படிகளை ஒரு பாட்டி ஏறவேண்டும். துப்பாக்கி கிடையாது. மூச்சு வாங்கினால் உட்காரலாம், அவ்வளவுதான்.

"காசு கட்ட வைக்கறதுக்குன்னே முடிவில்லாம இழுக்கறாங்க சார். நல்ல கேம்னா முடியணும்" என்றான். உதாரணத்துக்கு 'வெண்பா'வை லேப்டாப்பில் காட்டினான். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. மறுவருடம் பாஃப்டா விருதும் கிடைத்தது. அம்மா கொடுத்த குறிப்பில் பாதி அழிந்திருக்கும், அதை வைத்து இட்லி அவிக்கவேண்டும். நான் தட்டுகளை நேராக அடுக்கிக் கெடுத்தேன். "குழிக்கு மேல குழி வரக்கூடாது சார், ஆவி போகணும்ல" என்றான். அடுக்களையிலிருந்து என் மனைவி சிரித்தாள். இத்தனை வருடம் சாப்பிட்டவனுக்கு இது தெரியவில்லை!

நோட்டைப் பற்றி நானேதான் பேச்செடுத்தேன். "அதுல வரைஞ்ச படிக்கட்டுதான் சார் இது" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குள் முடிக்கப் பார்க்கிறான். பாட்டியின் முகம்தான் சரியாக அமையவில்லையாம். உங்களில் படம் வரையத் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.