வகுக்காமலே தெரிந்துகொண்ட பகா எண்

170141183460469231731687303715884105727. மொத்தம் 39 இலக்கங்கள். இரண்டின் 127-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது வரும். இது பகா எண் என்று பிரெஞ்சுக் கணித ஆசிரியர் எதுவார் லூக்கா 1876-இல் கையால் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். அதன்பின் 75 ஆண்டுகள், இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் மனிதருக்குத் தெரியாது. இன்று நான்கு கோடி இலக்கங்களைத் தாண்டிய பகா எண்ணே கைவசம் இருக்கிறது, கண்டுபிடித்தது கணினி. ஆனாலும் எனக்கு லூக்காவின் எண் மீதுதான் பிரியம்.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கப் பள்ளியில் கற்றுத்தந்த வழி, 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போவது. இங்கே அது நடக்காது. நொடிக்கு நூறு கோடி எண்களால் வகுக்கும் இயந்திரத்துக்குக்கூட, இதன் வர்க்கமூலம் வரை போய்ச் சேர 400 ஆண்டுகளுக்கு மேலாகும். லூக்கா வகுத்துப் பார்க்கவே இல்லை. 3-இல் தொடங்கினார். வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி, சோதிக்கும் எண்ணை விட அது பெரிதாகிவிட்டால் மீதியை மட்டும் வைத்துக்கொள், மறுபடி வர்க்கப்படுத்து. இப்படி 125 சுற்று. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண்.

இதன் குட்டித் தம்பியான 127-ஐ (இரண்டின் ஏழாம் அடுக்கில் ஒன்று குறைவு) எடுத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். இதற்கு ஐந்தே சுற்று. 3, அடுத்து 7, அடுத்து 47. 47-இன் வர்க்கம் 2209. இரண்டு போனால் 2207. 127-ஆல் வகுக்க மீதி 48. அதிலிருந்து 16 வந்தது. 16-இன் வர்க்கம் 256, இரண்டு போனால் 254. அது சரியாக இரண்டு 127. மீதி பூஜ்யம்! அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்தக் காரணியையும் தேடவில்லை. காரணியே இல்லை என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. லூக்காவோ ஒவ்வொரு சுற்றிலும் 39 இலக்கம் வரை நீளும் எண்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அந்தப் பொறுமையை என்னவென்று சொல்ல!

இதன் மறுபக்கம் இன்னும் வியப்பு. இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண் பகா எண் என்று 1644-இல் மெர்சென் எழுதியிருந்தார். அது பகு எண் என்று காட்டியவரும் லூக்காதான். ஆனால் எதோடு எதைப் பெருக்கினால் அது வரும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 193707721, 761838257287 என்ற இரண்டு காரணிகளையும் ஃப்ராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அப்படி ஓர் எண் உண்டு: இரண்டின் 1277-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, 385 இலக்கங்கள். பகு எண்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் காரணிகளில் ஒன்றுகூட இன்னும் யாரிடமும் சிக்கவில்லை.