கடலைக் கடக்கும் வீட்டுவேலை

சிறு பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடந்தவர்கள் என்றதும் புயலும் துணிச்சலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களுடைய ஒரு நாளைப் பார்த்தால், பெரும்பகுதி தையலிலும் துடைப்பதிலும் முடிச்சுப் போடுவதிலும் போகிறது. அந்த வேலைகள்தான் படகைக் கரைசேர்க்கின்றன என்று நான் நினைக்கிறேன். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அலைக்கும் படகு அசைய, கயிறு கப்பியின்மேல் விரற்கடை அளவு நகர்ந்து திரும்பும். காற்று நாள்கணக்கில் ஒரே திசையில் அடித்தால் அந்த இடம் மட்டும் தேய்ந்து நார்நாராகிவிடும். தேர்ந்த மாலுமி தினமும் கயிற்றைச் சற்று இழுத்தோ தளர்த்தியோ, தேய்மானம் வேறிடத்தில் விழும்படி செய்வார். ஒரு நிமிட வேலை. விட்டுவிட்டால் நள்ளிரவில் கயிறு அறும். பாய் படபடத்துக் கிழியும். இருட்டில், ஈரத் தளத்தில் தவழ்ந்துபோய் அதை அடக்க வேண்டியிருக்கும். வீரம் தேவைப்படும் அந்த இரவில் பாதி, பகலில் செய்யாத வேலையால் வந்தது.

1968-இல் தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டியில் ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான். பம்பாயில் தேக்கில் கட்டிய அவருடைய 32 அடி ‘சுஹைலி’ வேகமான படகே இல்லை. தொடக்கத்திலேயே அடிப்பலகை இணைப்பில் தண்ணீர் கசிந்தது. நடுக்கடலில் மூச்சைப் பிடித்து மூழ்கி மூழ்கி, இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்து ஒட்டினார். பிறகு குடிநீர்த் தொட்டி கெட்டது. மழைநீரைப் பிடித்துக் குடித்தார். தானாகத் திசை காக்கும் கருவி உடைந்தபோது, பாய்களைச் சமன்படுத்திச் சுக்கானைக் கட்டிவைத்தே ஓட்டினார். 312 நாள் இப்படிக் கழிந்தது. அதே போட்டியில் நைஜல் டெட்லியின் மூவுடல் படகு ‘சுஹைலி’யைவிட வேகமானது. இறுதிக் கட்டத்தில் வேகத்துக்காக வருத்தி ஓட்டப்பட்ட அது, ஊருக்குத் திரும்பும் வழியில் உடைந்து மூழ்கியது. டெட்லியின் திறமை குறைந்ததல்ல. படகால் தாங்க முடியவில்லை.

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஓர் அலை எல்லாவற்றையும் முடித்துவிடாதா என்று கேட்கலாம். முடித்துவிடும். 2018-இல் தெற்கு இந்தியப் பெருங்கடலில், தனியாளாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த இந்திய மாலுமி அபிலாஷ் டோமியின் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு நொறுங்கியது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்றுதான் மீட்டது. அவர் கவனக்குறைவானவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட அலை அரிது. உப்பும் உரசலும் ஒரு மணிகூட ஓய்வதில்லை. அரிதாக வருவதை எதிர்கொள்ளவும், தினமும் தேய்வதைச் சரிசெய்து வைத்திருக்கும் படகுதான் தேவை.

இப்போது கருவிகள் வந்துவிட்டனவே என்பது இன்னொரு வாதம். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், தானியங்கிச் சுக்கான், செயற்கைக்கோள் தொலைபேசி எல்லாம் உழைப்பை மாற்றியிருக்கின்றன; ஒழிக்கவில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மின்னிணைப்பில் பச்சை பூக்கும், மேகமூட்டத்தில் மின்கலம் இறங்கும். உலகைச் சுற்ற, இந்தியக் கடற்படையைச் சேர்ந்த புதுச்சேரி ரூபாவும் கோழிக்கோடு தில்னாவும் 56 அடி ‘தாரிணி’யில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29-இல் திரும்பினார்கள். நின்றது நான்கே துறைமுகங்களில்; இடையில் எது பழுதானாலும் பார்க்க இரண்டு பேர்தான். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும் என்பதால், பெரும்பாலான வேளைகளில் ஒருவர்தான். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் ஹார்ன் முனையை அவர்கள் சுற்றிய நாளை எல்லோரும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அந்த முனைவரை படகு முழுதாக வந்து சேர்ந்ததற்குக் காரணமான, புகைப்படம் எடுக்கப்படாத வாரங்களைப் பற்றியும் அவர்களிடம் கேட்க வேண்டும்.