சதுரகிரி ஏறப் போகும் சகோதரிகளுக்கு

ராஜபாளையத்தில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறினாலே மேற்கே மலை வரிசை கண் முன்னால் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அப்படித்தான். அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மலை என்றால் அவ்வளவாகப் பயம் கிடையாது. "நம்ம மலைதானே!" என்று வீட்டுச் செருப்போடு கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. தைரியம் நல்லதுதான். ஆனால் சதுரகிரிக்கு அது மட்டும் போதாது.

வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறை. அங்கிருந்து சுந்தர மகாலிங்கம் சந்நிதிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், எல்லாம் காட்டு வழி. பழனி மாதிரி வரிசையாகப் படிக்கட்டு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாறையும் வேரும் உருண்டைக் கல்லும்தான். மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கி, வெயில் ஏறும்வரை பாறை எண்ணெய் தடவினது மாதிரி இருக்கும். பிடிப்பு உள்ள செருப்போ ஷூவோ அவசியம். வெறுங்காலோடு போவதாக வேண்டுதல் இருந்தால், மெதுவாகப் போவது என்பதையும் அந்த வேண்டுதலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது கஷ்டப்படுவது மூச்சு; இறங்கும்போது கஷ்டப்படுவது முழங்கால். முக்கால்வாசிப் பேர் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் இறங்கும்போதுதான் ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் பாரம் முழுவதும் முட்டியில் விழுகிறது. கையில் ஒரு கம்பு இருந்தால் கொஞ்சம் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் நடந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினால் மறுநாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

இன்னொன்று. விரதம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறுகிறவர்கள் நிறைய. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரையும் போட்டு, வயிறும் காலியாக மலை ஏறினால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். ரத்தசோகை உள்ளவர்களும் இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. புளியோதரை, கடலைமிட்டாய், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைத் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் பைகளை அடிவாரத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். துணிப்பையும் தூக்குச் சட்டியும்தான் சௌகரியம்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயங்கள். ஓடைதான் வேறு மாதிரி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு புரட்டாசிப் பௌர்ணமிக்கு எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் போனோம். தரிசனம் முடிந்து இறங்கி வரும்போது மதியம் இரண்டு மணி. தலைக்கு மேல் வெயில். மேலே முகட்டில் மட்டும் கருமேகம். மாங்கனி ஓடைக்கு வந்தால், காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடுகிறது, சருகும் குச்சியும் மிதந்து வருகின்றன. ஆனாலும் முழங்கால் அளவுதான். எங்களோடு வந்த பெண்ணுக்குக் கைக்குழந்தை. மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் கட்டி நெஞ்செல்லாம் வலி. "மதினி, முழங்கால் தண்ணிதானே, கையைப் பிடிச்சிக்கிட்டுப் போயிருவோம்" என்று அழுகிறாள். செல்போனிலும் சிக்னல் இல்லை.

அங்கே தேன் விற்றுக்கொண்டிருந்த பளியர் அம்மா ஒருவர்தான், "தண்ணி நெறம் மாறிருச்சி தாயி, இனி மட்டம் ஏறும். உக்காரு" என்றார். கால் மணி நேரம் ஆகவில்லை. நாங்கள் கால் வைக்க நினைத்த கல்லையே காணோம். இடுப்புக்கு மேல் வெள்ளம். உள்ளே கல் உருளுகிற சத்தம் தரையில் தெரிந்தது.

நாம் நிற்கிற இடத்தில் மழை பெய்ய வேண்டியதே இல்லை. முகட்டில் கொட்டுகிற மழை பாறையில் தங்காமல் அப்படியே வழிந்து குறுகிய ஓடைக்குள் விழுகிறது. 2015 மே மாதம் அமாவாசைக்குப் போன பக்தர்கள் இப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில்தான் உயிரை இழந்தார்கள். வேகமாக ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரியவர்களையும் சாய்த்துவிடும். மழை எச்சரிக்கை நாட்களில் வனத்துறை வழியை மூடினால் அவர்களோடு சண்டைக்கு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அன்றைக்கு நாலைந்து வாலிபர்கள், "மேலே போனால் ஓடை குறுகலாக இருக்கும்" என்று பாதையை விட்டுக் காட்டுக்குள் ஏறினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். நாங்கள் போகவில்லை. பாதையில் இருந்தால் தேடி வருகிறவர்களுக்கு நாம் கிடைப்போம். புதருக்குள் போய்விட்டால் யார் எங்கே தேடுவது? யானையும் கரடியும் உள்ள காடு. 2021-லிருந்து புலிகள் காப்பகம் வேறு. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் அனுமதி இல்லாத வழியில் மலையேறியவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்களே, அதில் எத்தனை பெண்கள்! காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும் என்பது புது ஆட்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெண்ணை ஒரு பாறை மறைவில் உட்கார வைத்து, சேலையைத் திரையாகப் பிடித்தோம். பாலைப் பீய்ச்சி விட்டபிறகுதான் அவளுக்கு வலி குறைந்தது. மலை ஓடை ஏறுகிற மாதிரியே சீக்கிரம் வடியவும் செய்யும். இருட்டுவதற்குள் கல் மறுபடி தெரிந்தது. வனத்துறை ஆட்கள் வந்து கயிறு கட்டி ஒவ்வொருவராகத் தாண்டிவிட்டார்கள். காட்டுக்குள் போன வாலிபர்கள் மறுநாள் காலையில்தான், கால் பிசகிய ஒருவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம்.

தாணிப்பாறையில் அவள் வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அழுது அழுது அது தூங்கிப் போயிருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரச் சேலையோடு அப்படியே வாங்கிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.