மலைமேல் கிடைத்த மருந்து

குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு ஊரார் சொல்லும் ஆறுதல் இருக்கிறதே சகோதரிகளே, அதை உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள். "அவன் கொடுத்தான், அவனே எடுத்துக்கொண்டான்" என்பார்கள். "இன்னொன்று பிறக்காமலா போகும்?" என்பார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் நாலு வயசுப் பிள்ளையின் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருப்பவளுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா?

என் பையன் போன மறு வருஷம் என் கணவருக்குக் கொல்லிமலை எடப்புளி நாட்டுக்கு மாற்றலாயிற்று. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வந்தபோது, இனி தெரிந்த முகம் எதையும் பார்க்க வேண்டாம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அங்கேதான் ஈவ்லின் பிராண்ட் அம்மையாரின் கதையைக் கேட்டேன். லண்டனில் வசதியான வீட்டுப் பெண். 1913-இல் பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, இந்த மலையில் குடித்தனம் வைத்தார். 1923-இல் மகன் பாலையும் மகளையும் சீமைக்கு அழைத்துப் போய், படிப்புக்காக அங்கேயே விட்டுவிட்டுத் தம்பதிகள் திரும்பினார்கள். 1929-இல் மலேரியாவால் வரும் கடுஞ்சுரம் ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. மகன் தகப்பனார் முகத்தை மறுபடி பார்க்கவேயில்லை. பிற்காலத்தில் வேலூரில், தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திப் பேர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அந்த மகன்தான்.

அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? எழுபதை நெருங்கும் வயசில், 'ஓய்வு பெறுங்கள்' என்று சங்கத்தார் சொல்லியும் கேளாமல், தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராக மருந்து கொடுத்தார். ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார். 1974-இல், 95-ஆம் வயசில் காலமாகி, கணவர் பக்கத்திலேயே அடக்கமானார்.

'கணவனை இழப்பது வேறு, பிள்ளையை இழப்பது வேறு' என்பீர்கள். வாஸ்தவந்தான். ஆனால், துக்கம் தீரட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லையே! அதுதான் என் மனசில் தைத்தது.

பக்கத்து வீட்டு மலைவாழ் பெண் ஒருநாள் சாமைச் சோறு கொண்டுவந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். அவளும் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் என்று அப்புறந்தான் தெரிந்தது.

அவளுடைய கடைசிப் பெண் சாயங்காலங்களில் என்னிடம் பாடம் படிக்க வந்தாள். பையனுக்காக வாங்கி வைத்திருந்த சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன். கை நடுங்கத்தான் செய்தது. ஒரு மாசத்தில் ஒன்பது குழந்தைகள் சேர்ந்துவிட்டார்கள்.

துக்கம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அவன் பிறந்த நாள் வந்தால் இன்றும் அடுப்பங்கரையில் நின்று அழுகிறேன். ஆனால், அறப்பளீசுவரர் சந்நிதியில் "ஏன் எடுத்துக்கொண்டாய்?" என்று கேட்டவள், இப்போது "இன்று நான் யாருக்கு உதவட்டும்?" என்று கேட்கிறேன். அதற்குத் தினமும் பதில் கிடைக்கிறது.

உங்கள் தெருவில் அப்படி ஒரு தாய் இருந்தால், தத்துவம் பேசாதீர்கள். ஒரு கிண்ணம் சோறு கொண்டுபோங்கள். குழந்தையின் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லட்டும். பக்கத்தில் இருந்து கேளுங்கள்.