மாடு என்ன சாப்பிட்டுச்சு?

டெல்லிக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இன்னமும் காலைல பால் வாங்கறது என் டிபார்ட்மெண்ட்தான். தங்கமணிக்குப் பாக்கெட் பால் ஆகாது, டோக்கன் பால்தான் வேணும். அதனால ஜனவரிப் பனியில, முன்னாடி நிக்கறவர் முகம்கூடத் தெரியாத நேரத்துல, குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு மதர் டெய்ரி பூத் வாசல்ல தூக்கோட நிப்பேன்.

போன ஜனவரியில அப்படி நிக்கும்போதுதான் ஊர்ல இருந்து தம்பி போன்.

"அண்ணா, அந்த மாட்டைத் தள்ளிட்டு வேற ஒண்ணு புடிச்சரலாங்களா?"

கொஞ்சம் முன்கதை சொல்லணும். நமக்கு ஊர் காங்கயம் பக்கம். கிளுவை வேலி போட்ட கொரங்காடு, அதுல கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். அப்பா காலத்துல ரெண்டு காங்கயம் மாடு அங்கேயே மேஞ்சுட்டு வந்து கன்னுக்கு விட்டது போக ரெண்டு லிட்டர் கொடுக்கும். வீட்டுக்கு அது போதும், ஆனா சொசைட்டிக்கு ஊத்திக் குடும்பம் நடத்த முடியாது. அப்பா போனதுக்கப்புறம் தம்பி, "கருப்பு வெள்ளை மாடு ஒண்ணு வாங்கித் தாங்கண்ணா, நான் பொழச்சுக்கறேன்"னு கேட்டான். நானும் பி.எஃப். லோன் போட்டு அனுப்பினேன். யாவாரி சத்தியம் பண்ணாத குறையா "இருபது லிட்டர் கறக்கும்"னு சொல்லித்தான் கொடுத்தார்.

கறந்தது ஒம்போது. கன்னு போட்டு நாலு மாசம் ஆகியும் பருவத்துக்கு வரல. விலா எலும்பை எண்ணலாம்ங்கற மாதிரி இருந்துச்சு. இப்ப வந்த விலைக்குத் தள்ளிட்டு, மேல ஐம்பதாயிரம் போட்டு "இன்னும் நல்ல ஜாதியா" ஒண்ணு வாங்கணுமாம். வந்த விலைக்குத் தள்ளறதுன்னா எங்கே போகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா போனை வாங்கி, "அதுக்கு வவுறே நெறயறதில்ல சாமி, அதைப் போயி குத்தம் சொல்றீங்களே"ன்னாங்க. நான் "சரிங்கம்மா, பாக்கலாம்"னு சொல்லி வெச்சுட்டேன். அதாவது, காதுல வாங்கிக்கல.

அந்த வாரக் கடைசியில ஆபீஸ் நண்பர் ஒருத்தர் தன் ஊருக்கு வரச்சொன்னார். கர்னால் பக்கம் ஒரு கிராமம். டெல்லியில இருந்து ஜி.டி. ரோட்டுல இரண்டரை மணி நேரம். கர்னால்னா பாஸ்மதி அரிசி மட்டும்தான்னு நினைச்சுட்டிருந்தேன். தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கறதும் அங்கேதான். 1923-ல் பெங்களூர்ல ஆரம்பிச்சு, 1955-ல் தலைமையகம் கர்னாலுக்கு வந்தது. ஹோல்ஸ்டீனையும் ராஜஸ்தான் தார்பார்க்கரையும் கலந்து 'கரண் ஃப்ரீஸ்'னு ஒரு கலப்பினம் உருவாக்கினது இவங்கதான்.

நண்பரோட பெரியப்பா (அங்கே 'தாவூ') ஏழு எருமை, நாலு பசு வெச்சிருக்கார். வெல்லம் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டே நம்ம மாட்டுக் கதையைச் சொன்னேன். என்ன ஜாதி, எவ்வளவு ரத்தம்னு கேப்பார்னு பார்த்தா, அவர் கேட்டது ஒரே கேள்வி.

"க்யா கிலாத்தே ஹோ?" என்ன போடறீங்க?

எனக்குப் பதில் தெரியல. மாட்டுக்குக் காசு கொடுத்தது நான். வாராவாரம் எத்தனை லிட்டர்னு கேட்டதும் நான். அது என்ன சாப்பிடுதுன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன். சோளத்தட்டு 6 கிலோ, கிழங்குத் திப்பியும் தவிடும் சேர்த்து 3 கிலோ, பருத்திப் புண்ணாக்கு அரைக் கிலோ. பசும்புல்? "இந்த வறட்சியில புல்லுக்கு எங்கீங்ணா போறது?"

தாவூ அடுத்து மாட்டோட எடையைக் கேட்டார். அதுக்குத் தராசு வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்துல அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையில இருந்து பின் இடுப்பு எலும்பு வரை உள்ள நீளத்தால பெருக்கி, 660-ஆல வகுத்தா கிலோ கணக்குல ஏறக்குறைய எடை வந்துடும். தம்பி அளந்தான். சுற்றளவு 70, நீளம் 54. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 400 கிலோ.

கறவை மாட்டுக்கு அதன் எடையில சுமார் 3 சதவீதம் உலர் தீவனம் வேணும். அதாவது, தண்ணிச் சத்தைக் கழிச்சுட்டுப் பார்த்தா 12 கிலோ. தம்பி போடற ஒம்பதரைக் கிலோவுல ஈரத்தைக் கழிச்சா எட்டரைதான். அதுலயும் திப்பியில மாவுச் சத்து உண்டு, புரதம் ரொம்பக் குறைவு.

இன்னொரு கணக்கும் உண்டு. உடம்பைக் காப்பாத்த ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதுக்கு மேல ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. ஒம்போது லிட்டருக்கே அஞ்சு கிலோ ஆகுது. இருபது லிட்டர் வேணும்னா ஒம்பதரைக் கிலோ, கூடவே நல்ல பசும்புல். (பசும்புல் இல்லாம அடர்தீவனத்தை மட்டும் அள்ளிப் போட்டா வயித்துல அமிலம் ஏறி மாடு படுத்துடும், அதையும் சொல்லிடறேன்.) நாங்க போட்டது மொத்தம் மூணரைக் கிலோ, அதுலயும் பாதி திப்பி.

அப்ப அந்த ஒம்போது லிட்டர் எங்கேருந்து வந்துச்சு?

உடம்புல இருந்து. கன்னு போட்ட மாடு முதல் ரெண்டு மாசம் தன் கொழுப்பைக் கரைச்சுத்தான் பால் கொடுக்கும். அது இயற்கை. ஆனா தீவனம் ஈடுகட்டலைன்னா அந்தக் கரைச்சல் நிக்காது. நஷ்டத்துல ஓடற உடம்பு இன்னொரு கர்ப்பத்துக்குத் தயாராகாது, பருவத்துக்கு வர்றது தள்ளிப்போகும். யாவாரி சொன்ன இருபது பொய்தான். ஆனா அந்த மாடு எங்களை ஏமாத்தல. வாங்கினதைவிட அதிகமாத்தான் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்"னு நம்மாளுங்க சும்மா சொல்லல.

அப்ப ஜாதி, மரபணு எல்லாம் சும்மாவா? இல்லீங்க. காங்கயம் மாட்டுக்குத் தீனியைக் கொட்டினாலும் இருபது லிட்டர் வராது. ஆனா மரபணு சொல்றது எவ்வளவு முடியும்ங்கறதை, தீவனம் சொல்றது எவ்வளவு நடக்கும்ங்கறதை. அயல் ரத்தம் பாதியில இருந்து 62.5 சதவீதம் வரை போதும்ங்கறது நம்மூர் வெயிலுக்கும் தீவனத்துக்கும் ஏத்த பழைய பரிந்துரை. அதுக்கு மேல போனா பசியும் ஏறும், நோயும் ஏறும். உலகத்துலயே அதிகப் பால் உற்பத்தி பண்ற நாடு 1998-ல் இருந்து நாமதான். ஆனாலும் நம்ம கலப்பினப் பசுவோட சராசரி ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் சொச்சம். அதைப் பார்த்தா நம்ம மாடு சராசரிக்கு மேல!

இப்ப ஆராய்ச்சியே அந்தப் பக்கம்தான் போகுது. ஒரே எடை, ஒரே பால், ஆனா ஒண்ணு மத்ததைவிடக் குறைச்சலா சாப்பிடும். அது எதுன்னு கண்டுபிடிக்கறாங்க. அமெரிக்காவுல 2020 டிசம்பர்ல இருந்து ஹோல்ஸ்டீன் காளைகளுக்கு 'எவ்வளவு தீவனம் மிச்சம்'னே ஒரு மதிப்பெண் போடறாங்க. இங்கே 2024 அக்டோபர்ல பசுவுக்கு 'கௌ சிப்', எருமைக்கு 'மஹிஷ் சிப்'னு மரபணுச் சிப்புகள் வந்தாச்சு. தேசியப் பால்வள வாரியம் 2012-ல் இருந்து 2019 வரை நடந்த தேசியப் பால்வளத் திட்டத்துல, ஊர் ஆளுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாப் போய் மாட்டுக்கு என்ன கிடைக்குதுன்னு பார்த்து, சாஃப்ட்வேர்ல கணக்குப் போட்டுச் சொல்ல வெச்சது. தாவூ வாய்க்கணக்காப் போட்டதும் அதேதான். பால் உற்பத்திச் செலவுல 60-70 சதவீதம் தீவனத்துக்குத்தான் போகுது. கணக்கு தப்பினா அடுத்து கடன்தான்.

கேட்ட ஐம்பதாயிரத்தை நான் அனுப்பல. அதுல கால்வாசிதான் அனுப்பினேன். தம்பிக்கு வருத்தம், பத்து நாள் சரியாப் பேசல. அப்புறம் கிணத்தடியில பத்து சென்ட்ல கோ-4 கரணை நட்டான். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். முதல் அறுப்புக்கு 75-80 நாள், அப்புறம் 45 நாளுக்கு ஒரு தடவை. ஒரு சாஃப் கட்டர், தாது உப்புக் கலவை, திப்பிக்குப் பதில் கலப்புத் தீவனம். தட்டை நறுக்கிப் போட்டதும் மிச்சம் வைக்காம திங்குதாம்.

பால் இருபதுக்கு ஏறிடுச்சுன்னு சொன்னா சினிமா ஆயிடும் :-) ஏறல. ஆனா மாசாமாசம் இறங்கியிருக்க வேண்டிய நேரத்துல ஒம்போதுலயே நின்னுச்சு. மே மாசம் பருவத்துக்கு வந்துச்சு, சினை ஊசி போட்டாங்க. ஆகஸ்ட்ல டாக்டர் கையை விட்டுப் பார்த்துட்டு, "சினைதாம்ப்பா"ன்னார். அடுத்த ஈத்துலதான் அது உண்மையா எத்தனை லிட்டர் மாடுன்னு தெரியும்.

சேதி சொல்ல அம்மாதான் கூப்பிட்டாங்க. எடுத்ததும் வழக்கம்போல, "சாப்டீங்களாம்மா?"ன்னு கேட்டேன். தூரத்துல இருக்கற நாமெல்லாம் தினம் போன்ல கேக்கற முதல் கேள்வி அதானே? வீட்டுல எல்லாரையும் கேட்டிருக்கேன், லட்சுமியைத் தவிர. (மாட்டுக்குப் பேர் லட்சுமின்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.)

அம்மா சிரிச்சுட்டு, "நான் சாப்டேன் சாமி. அதுவும் சாப்ட்டுட்டு அசை போட்டுட்டுப் படுத்திருக்குது"ன்னாங்க.

ஊர்ல மாட்டுக்குக் காசு அனுப்பறவங்க இதைப் படிச்சா, இன்னிக்கு ஒரு போன் போடுங்க. எத்தனை லிட்டர்ங்கறதை ரெண்டாவதாக் கேளுங்க.