கத்தரிக்கோல் பட்ட கடுதாசி!

ஸ்டாம்ப்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஓரமெல்லாம் பல் பல்லா இருக்கும். பின்னாடி பசை இருக்கும். நடுவுல காந்தித் தாத்தா சிரிச்சுட்டு இருப்பார். ஓகே. பல்லும் இல்லாம, பசையும் இல்லாம, காந்தியும் இல்லாம ஒண்ணு உங்க கையில கிடைச்சா என்ன பண்ணுவீங்க? எனக்குக் கிடைச்சது பாஸ். அது என்னன்னு கண்டுபிடிக்கவே மூணு மாசம் ஆச்சு.

எனக்கு ஊர் அழகர்கோவில். சித்திரைத் திருவிழா லீவுல அப்பத்தாவோட டிரங்குப் பெட்டியைக் கிளறினப்போ, பெரியப்பா அறுபதுகள்ல ஸ்கூல் படிக்கும்போது ஸ்டாம்ப் சேர்த்த நோட்டு ஒண்ணு சிக்குச்சு. ராஜா, ராணி, நேருனு வரிசையா ஒட்டி வெச்சிருந்தார். கடைசிப் பக்கத்துல ஒட்டாம சொருகியிருந்தது ஒரு சின்னத் துண்டு. நடுவுல சங்கு. மேல கறுப்பா போஸ்ட் ஆபீஸ் முத்திரை. அந்த மைக்கு வெளியே தெரிஞ்சது நாலே நாலு இங்கிலீஷ் எழுத்து. கூட்டிப் படிச்சா 'அஞ்ச்'னு வருது!

ஊர்ல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "பெருமாள் கோவில் சங்குப்பா, பழைய அர்ச்சனைச் சீட்டா இருக்கும்." கள்ளழகர் ஊர்ல சங்கைப் பார்த்தா வேற என்ன தோணும்? என் ஹாஸ்டல் மாப்ள ஒருத்தன் இன்னும் ஒரு படி மேல போய், "பல்லு இல்லாத ஸ்டாம்ப்டா! லட்சத்துல போகும்"னு பைக் கலர் வரைக்கும் செலக்ட் பண்ணிட்டான்.

உங்ககிட்ட இப்படி ஒரு துண்டு வந்தா ஒரு விஷயம் பண்ணுங்க. படத்தை விட்டுட்டு மத்ததை எல்லாம் முதல்ல பாருங்க.

ஓரத்துல பல் இல்லைங்கிறது மட்டும் பத்தாது. உலகத்தோட முதல் ஒட்டு ஸ்டாம்ப், 1840-ல் வந்த 'பென்னி பிளாக்'குக்கே பல் கிடையாது. நம்ம நாட்டுல 1854-ல் வந்த ஸ்டாம்புகளுக்கும் கிடையாது. அதனால அடுத்ததா தொட்டுப் பாருங்க. ஸ்டாம்ப் பேப்பர் மெலிசா இருக்கும். என் துண்டு கல்யாணப் பத்திரிகை கனத்துல இருந்தது. திருப்பிப் பார்த்தா பசைத் தடமே இல்லை. அங்கே நாலு வரி பேனா எழுத்து, அதுவும் தமிழ்ல!

அவ்ளோதான், மேட்டர் புரிஞ்சிடுச்சு. இது ஒட்டின ஸ்டாம்பே இல்லை. போஸ்ட் கார்டுலயே அச்சடிச்சு வந்தது. கார்டு, இன்லேண்ட் லெட்டர், ஸ்டாம்ப் அச்சடிச்ச கவர் மூணுமே இந்த ஜாதிதான். ஒட்டின ஸ்டாம்பைத் தண்ணியில ஊற வெச்சா தனியா வந்துடும். இது எத்தனை நாள் ஊறினாலும் வராது. அதனால பசங்க கத்தரிக்கோலைத் தூக்கிடுவாங்க. அப்படி வெட்டின துண்டுக்கு சேகரிப்பாளர்கள் வெச்ச பேர் 'கட் ஸ்கொயர்'.

ஸ்டாம்ப் உலகத்தோட பைபிள்னு சொல்ற ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக்ல நான் பக்கம் பக்கமா தேடியும் இது மாட்டாத காரணமும் அப்பத்தான் புரிஞ்சது. அது ஒட்டுற ஸ்டாம்புகளுக்கான புக். கார்டு, கவர் சமாச்சாரத்துக்கெல்லாம் 'ஹிக்கின்ஸ் அண்ட் கேஜ்'னு தனி கேட்டலாக் இருக்கு.

சரி, இப்போ சங்குக்கு வருவோம். அந்த 'அஞ்ச்' வேற எதுவும் இல்லை, 'அஞ்சல்'. திருவிதாங்கூர் சமஸ்தானம் சொந்தமா நடத்தின தபாலுக்கு அதான் பேரு. சங்கு அவங்க அரசு சின்னம். 1888-ல் அவங்க முதல் ஸ்டாம்ப் வந்தப்போ அதுல இருந்ததும் சங்குதான். காசு கணக்குகூட தனி. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதே காலத்துல நம்ம பக்கம் பிரிட்டிஷ் இந்தியத் தபால். 1879-ல் வந்த அவங்க முதல் கார்டு காலணா, ரூபாய்க்கு 64 கார்டு. 1951-ல் திருவிதாங்கூர் அஞ்சல் இந்தியத் தபாலோட சேர்ந்துடுச்சு.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போச்சு. திருவிதாங்கூர் அஞ்சல் கார்டு அந்த சமஸ்தானத்துக்குள்ள கடுதாசி போடுறதுக்கு. அங்கிருந்து மதுரை ஜில்லாவுக்கு எழுதணும்னா பிரிட்டிஷ் தபால்லதான் போடணும். அப்போ இந்தக் கார்டு தபால்ல அழகர்கோவிலுக்கு வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. யாரோ அங்கே வாங்கி, கையோட கொண்டு வந்திருக்கணும். யாரு?

பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "தாத்தா வெத்தலைப் பெட்டியில கெடந்த கார்டுடா. சங்கு நல்லா இருந்துச்சு, வெட்டிக்கிட்டேன். மிச்சம் அடுப்புக்குப் போயிருக்கும்"னார். அவர் சொன்ன தாத்தா, அப்பத்தாவோட மாமனார். அப்பத்தாகிட்ட கேட்டா, "அவரு எளவயசுல வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போனவரு. அஞ்சாறு வருசம் ஆளையே காணோமாம். எங்க இருந்தாருன்னு சாகுற வரைக்கும் வாயத் தொறக்கலையே"ங்குது.

எங்க வீட்ல யாருக்கும் தெரியாத அந்த அஞ்சாறு வருஷத்துக்கு, எனக்குத் தெரிஞ்சு இந்தத் துண்டு ஒண்ணுதான் சாட்சி. நாகர்கோவிலா? செங்கோட்டையா? 1956 வரைக்கும் ரெண்டுமே மெட்ராஸ் மாகாணத்துல கிடையாது, மலையாள தேசத்தோட இருந்த தமிழ் ஊர்கள். தமிழ்ல கடுதாசி வந்ததுக்கும் அது பொருந்துது. ஆனா ஊர் பேரும் தேதியும் இருந்த பாதி முத்திரை கத்தரிக்கோலோட போயிடுச்சு. அட்ரஸும் போச்சு. பின்னாடி முழுசா மிஞ்சின ஒரே வார்த்தை 'வரவும்'. யாரு கூப்பிட்டாங்க, எங்கே கூப்பிட்டாங்க... தெரியாது. கார்டே அவருக்கு வந்ததுதானான்னுகூட அடிச்சுச் சொல்ல முடியாது.

லட்சமும் இல்லைங்க. இந்த மாதிரி துண்டைவிட முழு கார்டுக்குத்தான் சேகரிப்பாளர்கள்கிட்ட மதிப்பு. பைக் கனவு கண்ட மாப்ளைக்கு டீ வாங்கிக் கொடுத்து சமாதானப்படுத்தினேன்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு கார்டோ கவரோ கிடக்கலாம். கிடைச்சா முதல்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. முத்திரையில ஊர், தேதி பாருங்க. அட்ரஸ்ல இருக்கிறது யாருன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அவங்க இருக்கும்போதே கேளுங்க. சொன்னதைத் தனிப் பேப்பர்ல எழுதி, கார்டோட சேர்த்து வெச்சிடுங்க. செல்லோ டேப் மட்டும் வேண்டாம், கறை பிடிச்சுடும்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் பரண் ஏறிப் பாருங்க. கத்தரிக்கோலைக் கீழேயே வெச்சுட்டு ஏறுங்க!